பதினேழாம் திகதி எங்கை நிக்கிறது

ஒஸ்லோ
26.04.2026

அன்பு மகள்,

நாங்கள் சுகம். அம்மாவின்ர முழங்கால் முந்தின மாதிரித்தான். நீ அவவுக்கு அனுப்பினதை எனக்கு வாசிச்சுக் காட்டினவ. மே 14 வாறம், ரெண்டு பேர், ஹோட்டல் எடுத்தாச்சு, எங்கையெங்கை போகலாம் எண்டு அப்பாவை எழுதச் சொல்லுங்கோ. அவ்வளவுதான். சரி, கேட்டதுக்கு எழுதுறன்.

முதல் சப்பாத்து. மே நடுவிலை இங்கை பகல் பதினைஞ்சு பாகையும் வரும், காலமை அஞ்சும் வரும், ஒரே நாளிலை வெய்யிலும் மழையும் மாறி மாறி வரும். தண்ணி உள்ளை போகாத, அடி வழுக்காத சப்பாத்து ரெண்டு பேரும் கொண்டு வாங்கோ. குளிருக்கு மெல்லிசான உடுப்பை ஒண்டுக்கு மேலை ஒண்டாப் போட்டுச் சமாளிக்கலாம். நனைஞ்ச காலோடை ஒண்டையும் சமாளிக்க ஏலாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதோ எண்டு நினைப்பாய். நீ கனடாவுக்குப் போய் பதின்மூண்டு வருசம். நடுவிலை வந்த ரெண்டு தரமும் சித்தப்பாவின்ர அலுவலும் ஆசுப்பத்திரியுமாத்தான் போச்சு, நகரத்தை நீ பாக்கேல்லை. பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு போன, தொய்யனிலை இருந்த ஓவியர் முங்கின்ர மியூசியம் இப்ப அங்கை இல்லை. பழைய நேஷனல் கலறியை 2019இலை பூட்டியாச்சு. வைக்கிங் கப்பல் மியூசியம் 2022 தொடக்கம் திருத்த வேலையிலை இருக்கு, இந்த முறை ஓசபெர்க் கப்பல் பாக்க ஏலாது. பழைய ஞாபகத்திலை, உன்னோடை வாற ஆளையும் இழுத்துக்கொண்டு போய் பூட்டின கதவுக்கு முன்னாலை நிக்காதை.

கார்டர்மூன் விமான நிலையத்திலை இறங்கி வெளியிலை வர முதல் கண்ணிலை படுறது ஃப்ளூதோகே றெயின். 19 நிமிசத்திலை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து விடும், காசையும் அப்பிடியே உருவும். அதே பாதையிலை ஓடுற சாதாரண வீ றெயின் 23 நிமிசம், கிட்டத்தட்டப் பாதி விலை. அதுக்கு நகரப் போக்குவரத்தின்ர ரூட்டர் ஆப்பிலையே ரிக்கற் எடுக்கலாம். இதிலைதான் வாற சனம் பிழை விடுறது: ஒஸ்லோ முழுக்க 1ஆம் மண்டலம், விமான நிலையம் 4என் மண்டலம். 1ஆம் மண்டல ரிக்கற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினால் தண்டம். ஆப்பிலை "எங்கையிருந்து, எங்கை" எண்டு போட்டு எடு, மண்டலத்தை அதுவே கணக்குப் பாக்கும். உள்ளை போகத் தடுப்புக் கதவு இல்லாதபடியாலை ஒருத்தரும் பாக்கிறேல்லை எண்டு வாற ஆள் நினைக்கக் கூடும். திடீரெண்டு வந்து பாப்பினம்.

நீ தெரிஞ்செடுத்த நாளிலை ஒரு சிக்கல் இருக்கு. 14ஆம் திகதி வியாழன் இந்த வருசம் விண்ணேற்ற நாள், பெரிய கடை எல்லாம் பூட்டு. 17 ஞாயிறும் தேசிய நாளும் ஒண்டா வருது, அதுவும் பூட்டு. உங்களுக்குக் கடை வெள்ளியும் சனியும்தான். 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்ன உணவுக் கடையளைத் திறக்கச் சட்டம் விடுது, அங்கை விலை கூட. வாற ஆள் வைன் எடுக்கிறவரெண்டால் வெள்ளிக்கிழமையே அரச மதுக்கடைக்குப் போங்கோ. சனி வேளைக்குப் பூட்டினால் பிறகு திங்கள்தான். குறையாச் சொல்லேல்லை, கடை நேரம் சொல்றன்.

மியூசியத்துக்கும் பஸ் றெயினுக்கும் சேத்து ஒஸ்லோ பாஸ் எண்டு 24, 48, 72 மணித்தியாலத்துக்கு விக்கிறாங்கள். 72 எடுக்காதை. ஞாயிறு ஊர்வலம் சும்மா பாக்கிறது, அண்டைக்கு மியூசியங்களையும் நம்ப ஏலாது, பாஸிலை ஒரு நாள் வீணாப் போகும். வெள்ளி காலமை பத்துக்கு 48 மணி பாஸ் ஒண்டைத் தொடக்கினால் வெள்ளியும் சனியும் முடியும். பிறகு திங்கள் மத்தியானம் ஒரு மணிக்கு 24 மணி பாஸ் ஒண்டு: திங்கள் பின்னேரம் ஹோல்மன்கோலன் பனிச்சறுக்கு மேடை, செவ்வாய் காலமை கப்பல் மியூசியம் இருக்கிற பிக்டோய், ஒரு மணிக்குள்ளை முடியும். பாஸ் 1ஆம் 2ஆம் மண்டலத்துக்குத்தான், விமான நிலையத்துக்கு அதோடை போகாதை.

வெள்ளி நேஷனல் மியூசியத்துக்குப் போங்கோ, றோட்ஹூஸ் எண்ட நகர மண்டபத்துக்குக் கிட்ட, 2022 ஜூன் 11 திறந்தது. திங்களிலை பூட்டு, அதாலைதான் வெள்ளி எண்டு சொல்றன். முதுகுப்பையை லொக்கரிலை வைச்சிட்டுத்தான் உள்ளை போகலாம். முங்கின்ர "அலறல்" 1893இலை கீறினது இங்கை எப்பவும் சுவரிலை இருக்கும். அது துணியிலை கீறினதில்லை, காட்போட் மட்டை. மேலை இடப்பக்க மூலையிலை கிட்டப் போய்ப் பார், பென்சிலாலை சின்னதா ஒரு வரி கிடக்கு, "பைத்தியக்காரன்தான் இதைக் கீறியிருக்க ஏலும்" எண்டு. ஆரோ பாக்க வந்தவன் கிறுக்கினது எண்டுதான் கனகாலம் நினைச்சவை. 2021இலை எழுத்தை ஒப்பிட்டுப் பாத்து முங்கே எழுதினதெண்டு முடிவு கட்டிச்சினம்.

சனி பியோர்விகா. நீ இருக்கேக்கை ஒபரா வீடு மட்டும் தனிய நிண்ட இடம். 2008இலை அதைத் திறந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதின்ர கூரையிலை ஏறி நடக்கலாம், காசில்லை. வெள்ளை மார்பிள், இத்தாலியிலை கறாறாவிலையிருந்து வந்தது. வெய்யிலிலை கண் கூசும், மழையிலை வழுக்கும், இடையிடையே சின்னச் சின்னப் படி மாதிரித் தூக்கலா இருக்கும். எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கிறதாலை அது கண்ணுக்குத் தெரியாது, சனம் கடலைப் பாத்துக்கொண்டு நடந்து அதிலை தடக்கி விழுகிறது. சப்பாத்து எண்டு சொன்னது இதுக்கும்தான்.

முங்க் மியூசியம் பக்கத்திலை, 13 மாடி, 2021 அக்டோபரிலை திறந்தது. அங்கையும் "அலறல்" இருக்கு, மூண்டு விதம்: பெயின்ற், கீறல், அச்சு. ஆனால் ஒரு நேரத்திலை ஒண்டுதான் திறந்திருக்கும், மற்ற ரெண்டும் மூடி இருக்கும், முறை வைச்சு மாத்துவினம். கடதாசியும் மட்டையும் வெளிச்சத்திலை மங்கிப்போகும், அதாலை. பெயின்ற்தான் பாக்க வேணுமெண்டால் அதின்ர முறை வரும் வரை மற்ற மாடியளைச் சுத்திப்போட்டுத் திரும்பி வாங்கோ. 2004இலை துவக்கோடை வந்து களவெடுத்தது அதைத்தான். ரெண்டு வருசத்தாலை திரும்பக் கிடைச்சுது, கீழ் இடப்பக்க மூலையிலை ஈரம் பட்ட கறை போகேல்லை.

இவ்வளவிலையும் எனக்குப் பிடிச்சது ஒபராவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற டைக்மான் நூலகம். 2020இலை திறந்தது, காசில்லை. ஆக மேல் மாடியிலை ஒரு சின்ன அறை இருக்கு, வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளை போகவேணும். சுவர் முழுக்க மரத் துண்டுகள் அடுக்கடுக்கா, நடுநடுவிலை கண்ணாடி இழுப்பறையள், உள்ளுக்கிருந்து வெளிச்சம் வரும். மொத்தம் நூறு. 2014 தொடக்கம் வருசத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதி குடுக்கிறார், முதலாவது உங்கட கனடாக்காரி மார்கரெட் அட்வூட். குடுத்தவரைத் தவிர ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. நூர்மார்க்காக் காட்டிலை அதுக்கெண்டு ஆயிரம் மரம் நட்டிருக்கு, 2114இலை அதை வெட்டிக் கடதாசி செய்து அச்சடிப்பினம். உள்ளை ரெண்டு மூண்டு பேருக்கு மேலை இருக்க ஏலாது. சனிக்கிழமை பின்னேரம் சனம் வரும், காலமை போங்கோ. வாற ஆள் கதைக்காமல் இருக்கக் கூடியவரோ தெரியேல்லை. நீ இருப்பாய்.

ஞாயிறு, 17. இதை வடிவா வாசி.

பிள்ளையளின்ர ஊர்வலம் பத்து மணிக்குத் தொடங்கும். நூறுக்கு மேலை பள்ளிக்கூடம், கார்ல் யோஹான் தெரு வழியா மேலை போய், அரண்மனைக்கு முன்னாலை திரும்பும். அரச குடும்பம் பல்கனியிலை நிண்டு கை காட்டும். கடைசிப் பள்ளிக்கூடம் போகப் பகல் ஒரு மணியாவது செல்லும். ட்றாமும் பஸ்ஸும் நடுவுக்குள்ளை வராது, ரி-பானே எண்ட மெட்ரோ றெயினிலை வாங்கோ. எட்டரைக்கு முன்னம் இடம் பிடிக்க வேணும், ஒன்பதரைக்கு வந்தால் முன்னாலை நிக்கிறவையின்ர முதுகுதான் தெரியும். அரண்மனைச் சதுக்கம் வேண்டாம், ஒருக்கா உள்ளை போனால் வெளியிலை வர ஏலாது. ஏகர்தோர்வே பக்கமும் வேண்டாம், அங்கை தெரு ஒடுக்கம். பாராளுமன்றத்துக்கு முன்னாலை, கல்லுச் சிங்கத்துக்குக் கிட்ட, எய்ட்ஸ்வோல் சதுக்கத்து மரங்களின்ர பக்கமா நில்லுங்கோ. அங்கை தெரு அகலிச்சிடும், பாண்ட் ஒவ்வொண்டும் வரிசை சரிப்பண்ணுறது கிட்டத் தெரியும். எந்தப் பள்ளிக்கூடம் எத்தினையாவதா வருது எண்டு முதலே பட்டியல் போடுவினம், வருசத்துக்கு வருசம் மாறும்.

காலமை சாப்பிட்டிட்டு வாங்கோ. சாப்பாட்டுக் கடையள் கிழமைக்கணக்கா முன்னமே புக் பண்ணி முடிஞ்சிருக்கும். தெருவிலை ஐஸ்கிறீமும் சொசேஜும்தான். சிவப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு திரியிற ரூஸ் பெடியளை வாற ஆள் ஏதோ குழப்பக்காரர் எண்டு நினைக்கப்போறார், பதின்மூண்டாம் வகுப்பு முடிக்கிறவை எண்டு சொல்லு. சின்னப் பிள்ளையள் அவை குடுக்கிற பேர் அட்டைக்காகப் பின்னாலை ஓடுவினம், நீ ஓடின மாதிரி. பூனாட் எண்ட பாரம்பரிய உடுப்புப் போட்டிருக்கிற ஆக்களைக் கேக்காமல் அந்த வெள்ளி நகையைத் தொட வேண்டாம். நீ சீலை உடுக்கலாம், எங்கட ஆக்கள் கனபேர் உடுக்கினம். சீலைக்கும் அந்தச் சப்பாத்துத்தான்.

இவ்வளவும் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு நீ யோசிச்சிருக்க மாட்டாய். நீ எட்டு வருசம் அந்த ஊர்வலத்திலை போனாய், நாலு வருசம் கிளாரினெட்டோடை. ஒவ்வொரு முறையும் வீட்டை வந்து, அப்பா எங்கை நிண்டனீங்கள், நான் தேடினனான் எண்டு கேப்பாய். சிங்கத்துக்குப் பக்கத்திலை எண்டு சொன்னன். நான் நிக்கேல்லை, மகள். ஒரு வருசமும் நிக்கேல்லை. பதினேழாம் திகதி வேலைக்கு இரட்டைச் சம்பளம், நான் ஆறு மணிக்கே துப்புரவு வேலைக்குப் போயிடுவன். அம்மா சொன்னதை வைச்சுத்தான் நீ எத்தினையாவது வரிசையிலை வந்தனீ எண்டு உனக்குத் திருப்பிச் சொன்னன். கடைசி வருசம் நீ சிங்கத்தைப் பாத்துக்கொண்டு வந்ததாம், பிறகு என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. உனக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் கதைக்கேல்லை. நீ போனதுக்குப் பிறகுதான் நான் அங்கை போய் நிண்டு பாக்கத் தொடங்கினன். காசு வீட்டுக் கடனுக்குப் போனது. அதைச் சொல்லி ஞாயம் கேக்க வரேல்லை.

மிச்சத்தைக் கெதியா எழுதுறன். திங்கள் காலமை விகலாண்ட் பூங்கா, 12ஆம் நம்பர் ட்றாம். நடுவிலை நிக்கிற மொனோலித் தூண் ஒரே கருங்கல்லு, 14 மீட்டர், 121 உருவம், மூண்டு கல்தச்சர் பதினாலு வருசம் செதுக்கினது. பாலத்திலை நிக்கிற கோபக்காரச் சின்னப் பெடியன்ர கையை எல்லாரும் பிடிச்சுப் பிடிச்சு வெண்கலம் மினுங்குது, பிடிக்க விடாதை, தேயுது. மத்தியானத்துக்குப் பிறகு 1ஆம் நம்பர் ரி-பானேயிலை ஹோல்மன்கோலன். ஸ்டேசனிலை இறங்கிப் பத்து நிமிசம் ஏற்றம். அங்கை பாத்து முடிய அதே றெயினிலை கடைசி வரை, ஃப்ரொங்னர்சேத்தருக்குப் போய் அப்பிள் கேக் சாப்பிடுங்கோ.

செவ்வாய் பிக்டோய்க்கு 30ஆம் நம்பர் பஸ். முதல் ஃப்ரம் கப்பல், உள்ளை ஏறிப் பாக்கலாம், தென்துருவத்துக்கு 1911இலை அமுன்சென் போன கப்பல். நிலத்துக்குக் கீழாலை ஒரு வழி போகும், மற்றக் கட்டடத்திலை யோவா எண்ட சின்னக் கப்பல். வடமேற்குப் பாதையை முதன்முதல் கடந்தது அது, 1903 தொடக்கம் 1906. கனடா வடக்கிலை ரெண்டு பனிக்காலம் நிண்ட துறைக்கு அந்தக் கப்பலின்ர பேர்தான். வாற ஆள் கனடாவிலை பிறந்தவரெண்டால் பள்ளிக்கூடத்திலை படிச்சிருப்பார். எங்கை பிறந்தாலும் எனக்கு ஒண்டுமில்லை. நேரம் மிஞ்சினால் நாட்டார் மியூசியத்திலை கோல் மரக்கோயில் பாருங்கோ, 1200ஆம் ஆண்டளவிலை கட்டினது, வெய்யில் பட்டால் தார் மணக்கும்.

ஒண்டு விட்டுப்போச்சு. ஸ்டோவ்னரிலை 2017இலை ஒரு நடைக்கோபுரம் கட்டினவங்கள், 260 மீட்டர் வளைஞ்சு வளைஞ்சு மரங்களுக்கு மேலாலை போகும், காசில்லை, படியில்லை, அம்மாவே ஏறினவ. முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். சுற்றுலாவுக்கு வாற ஆக்கள் அங்கை வாறேல்லை. நீ பள்ளிக்கூடம் போன அதே 5ஆம் நம்பர், வெஸ்ட்லி பக்கம் போறது. வழியிலை அம்மெருட் வரும். இறங்கச் சொல்லி நான் எழுதேல்லை. கோயிலும் அங்கைதான் இருக்கு எண்டு வாற ஆளுக்குச் சொல்லலாம்.

எங்கட கட்டடத்திலை கீழ்க் கதவுக்கு இப்ப புது மணிப் பலகை போட்டிருக்கு. பேர் இல்லை, இலக்கம் மட்டும். 0-4-1 அமத்திப்போட்டு மணிப் படத்தை அமத்த வேணும். முதல் தரம் சத்தம் வராது, ரெண்டாந்தரம் அமத்து. நான் செவ்வாய் முழுக்க வீட்டிலைதான்.

சப்பாத்தை மறக்காதை.

அப்பா