ஒத்துக்காத ஊசியை மறுபடியும் போடுவார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் பாம்புக்கடி பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. கடிவாயைக் கீறாதே, கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, எல்லாம் சரி. ஆனால் போன பிறகு என்ன நடக்கும் என்று ஒரு வரி இல்லை. எங்கள் குடும்பம் கதிகலங்கி நின்றது அங்கேதான்.

இரண்டு வருஷம் முன்பு, அறுப்பு சமயத்தில் தங்கச்சி வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துப் பார்த்தார்கள், உறையவில்லை, அப்படியென்றால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சு இழுக்கிறது. தங்கச்சி "ஊசி போட்டே கொல்றாங்களே" என்று அலற, கூட வந்தவர்கள் நர்ஸம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டார்கள் (நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது). அந்தம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டிரிப்ஸை நிறுத்திவிட்டுத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அப்புறம் அதே மருந்தை மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். அதற்கு இன்னொரு சண்டை. ஒத்துக்காத மருந்தை யாராவது திரும்ப ஏற்றுவார்களா?

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பது பிற்பாடுதான் புரிந்தது. குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்கிற மருந்து இது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கிற இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுப்பதைப் பார்க்கக் கூட்டம் போகிறதே, அந்த விஷம் இதற்குத்தான் போகிறது. வேற்றுப் பிராணியின் புரதம் என்பதால் சிலர் உடம்பு முரண்டு பிடிக்கிறது. அந்த முரண்டை அட்ரினலின் அடக்கிவிடும், ஆனால் விரியன் விஷத்தை அட்ரினலின் முறிக்காது, அதற்கு இந்தக் குதிரை மருந்தை விட்டால் வேறு கதி கிடையாது.

யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழியில்லை. தோலில் கொஞ்சம் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் இதில் நம்பகமில்லை, நேரம்தான் வீணாகும், அதனால் உலக சுகாதார நிறுவனமே அது வேண்டாம் என்கிறது. இலங்கையில் 1,007 பேரிடம் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், விஷமுறிவு மருந்துக்கு முன்பே சிறிதளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டால் கடுமையான ஒவ்வாமை நன்றாகவே குறைந்தது. அதே ஆய்வில் ஹைட்ரோகார்டிசோன், ப்ரோமெதசின் என்ற ஒவ்வாமை மருந்துகளை முன்கூட்டிப் போட்டும் பலனில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மச்சான் வீட்டுக்கு வந்து, கடித்த பத்தாம் நாள், காய்ச்சலும் மூட்டு வலியும் அரிப்பும் சேர்ந்து வந்தன. "விஷம் இன்னும் இறங்கலை" என்று பெரியவர்கள் சொல்ல, பச்சிலை, உப்பில்லாப் பத்தியம் என்று நான்கு நாள் போட்டு வதைத்தோம். பாவம் மனுஷன். அதுவும் குதிரைப் புரதத்தின் வேலைதானாம், ஒரு வாரம் பத்து நாள் கழித்து வருவது, மாத்திரையில் சரியாகிவிடக்கூடியது. டிஸ்சார்ஜ் சீட்டில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

டிரிப்ஸ் மாட்டும்போதே, "தடிப்பு வரலாம், மூச்சு இழுக்கலாம், அதற்கு மாற்று ஊசி தயாராக இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று வீட்டாரிடம் சொல்ல அரை நிமிஷம் போதும். நெருக்கடியில் அவர்களுக்கு அதற்கும் நேரமில்லை என்றால் சுவரில் ஒரு தாள் ஒட்டலாம். அந்தக் கட்டுரையை மறுபடி போடுவதாக இருந்தால், பத்தாம் நாள் காய்ச்சலையும் சேர்த்துப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்