மலைப்பக்கம் வீடு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். மண்டபம் முடிவானதும் தேதியை எழுது, இப்போதே லீவு சொல்லி வைத்தால்தான் நடக்கும்.

ஆபீஸ் விட்டால் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். எனக்குப் பொழுதுபோக்கெல்லாம் விடியற்காலையில்தான். ஜப்பானில் இந்தக் கோபே ஊர் மலைக்கும் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது. வழி சொல்பவர்கள்கூட மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் சொல்வார்கள். என் வீடு மலைப்பக்கம். கொஞ்ச தூரம் நடந்தால் ஃபுதாதாபி மலைப்பாதை. உயரம் 470 மீட்டர் இருக்கும், நம் வயதுக்குத் தோதானது.

இங்கே தினமும் மலையேறுகிற கூட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஏறியதும் அங்கே இருக்கிற நோட்டில் பெயரெழுத வேண்டும். பத்தாயிரம் தடவையைத் தாண்டியவர்கள்கூட இருக்கிறார்கள். யோசித்துப் பார், ஒருநாள் விடாமல் ஏறினாலும் இருபத்தேழு வருஷம் ஆகும்! சரியாக 6.30-க்கு யாரோ ஒருவர் பையிலிருந்து சின்ன ரேடியோவை எடுத்து வைப்பார். பியானோ இசை வரும், எல்லோரும் கைகளை வீசி உடற்பயிற்சி செய்வார்கள். 1928-இல் வானொலியில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. நானும் கடைசி வரிசையில் நின்று வீசுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், தினமும் மலையேறும் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 1868-இல் துறைமுகம் திறந்ததும் இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள், வேலைக்குப் போகுமுன் மலையேறி, டீக்கடை நோட்டில் கையெழுத்துப் போட்டு வந்தார்களாம். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஆர்தர் குரூம் என்ற ஆங்கிலேய வணிகர் 1895-இல் ரொக்கோ மலைமேல் வீடே கட்டிக்கொண்டார். 1903-இல் அங்கே அவர் முயற்சியில் தொடங்கியதுதான் ஜப்பானின் முதல் கோல்ஃப் கிளப். கோல்ஃப் நம் பாக்கெட்டுக்குக் கட்டாது. நடைக்குக் காசு வேண்டாம்.

வீடு தேடிய நாட்களில், வெளிநாட்டவர் என்றதுமே கைவிரித்தவர்கள் உண்டு. ஊருக்குள் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, எந்த நாடு என்பதுதான். மலையில், இதுவரை எத்தனை தடவை ஏறியிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். என் கணக்கு அவர்கள் முன்னால் வெளியில் சொல்லும்படி இல்லை, ஆனால் அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது.

இன்னொரு விஷயம், இங்கே காட்டுப்பன்றிகள் தெருவுக்கே இறங்கி வரும். அவற்றுக்குத் தீனி போடக்கூடாது என்று 2002-இலேயே நகராட்சி சட்டம் போட்டுவிட்டது. தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் பறித்துக்கொண்டு போய்விடும். நம் ஊர்க் கோயில் குரங்கு தேவலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மசூதிப் பக்கம் போய்ப் பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கி வருவேன். 1935-இல் கட்டிய மசூதி, ஜப்பானில் முதலாவது. 1995 நிலநடுக்கத்திலும் அசையாமல் நின்றது. அப்புறம் துணி துவைக்க, சமைக்க என்று அந்த நாள் ஓடிவிடும்.

கல்யாணம் முடிந்ததும் நீயும் அண்ணியும் ஒரு நடை வாருங்கள். நவம்பர் நல்லது, இலையெல்லாம் சிவந்து குளிரும் அளவாக இருக்கும். முட்டிவலிக்கு டாக்டர் என்ன சொன்னார்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். ஏற முடியாது என்றால் ரோப்வே இருக்கிறது, கவலைப்படாதே.

அன்புடன்,
ராஜு