பேய் வேட்டைப் படப்பிடிப்புக்கும் கட்டண இரவு உலாவுக்கும் அனுமதி தர வேண்டாம்: வேலூர் ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் மற்றும் தெருவாசிகள்,
சலவன்பேட்டை, வேலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர் மாவட்டம்.

பொருள்: பேய் நிகழ்ச்சிகளால் குடியிருப்போர் படும் தொல்லையும் வேலூர்க் கோட்டையின் பெயர் கெடுவதும் – நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருக்கோடியில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் தனியார் தொலைக்காட்சி ஒன்று ராத்திரி முழுக்கப் படம் பிடித்து, 1806 வேலூர்ப் புரட்சியில் செத்த சிப்பாய்களின் ஆவி உலவும் இடம் என்று ஒளிபரப்பியது. அந்த வீட்டின் முகப்பில் 1958 என்று கட்டிய வருஷம் சிமென்ட்டிலேயே பொறித்திருக்கிறது. கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒளிபரப்புக்குப் பிறகு பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். அந்த வாடகையை நம்பித்தான் வீட்டுக்கார அம்மா மருந்து வாங்குகிறார். இப்போது வீடு பார்க்க வருகிறவர்கள் தெருப்பெயரைக் கேட்டதுமே திரும்பிவிடுகிறார்கள். நடுராத்திரியில் பைக்கில் வந்து சுவரேறிக் குதிக்கும் பையன்களின் கூச்சல் வேறு. போதாததற்கு, கோட்டை அகழி ஓரமும் மலையடிவாரமும் சுற்றிக் காட்டுவதாக ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்து 'பேய் உலா' விளம்பரம் செய்கிறார்கள்.

படப்பிடிப்பு நடந்தபோது வாசலில் நின்று பார்த்தேன். விளக்கு எரிந்தால் ஆவி வந்துவிட்டது என்று ஒரு கருவியை நீட்டினார்கள். அது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. சுவருக்குள் ஓடும் வயர், சட்டைப் பையில் இருக்கும் செல்போன் என்று எதன் அருகில் போனாலும் எரியும். நீட்டிய தம்பியின் பையிலேயே செல்போன் இருந்தது. இருட்டில் மிதந்த வெள்ளை உருண்டைகள், அகச்சிவப்பு விளக்கு பட்டு லென்ஸுக்கு முன்னால் மின்னிய தூசி. ஆவி பேசும் பெட்டி என்றது, வானொலி அலைவரிசைகளை நிற்காமல் மாற்றிக்கொண்டே போகும் ஒரு ரேடியோ. துண்டு துண்டாக வரும் சத்தத்துக்குக் கீழே 'காப்பாத்து' என்று எழுத்துப் போட்டுவிட்டால் பார்க்கிறவர் எல்லார் காதிலும் அப்படித்தான் விழும்.

இங்கிலாந்தில் இப்படியொரு நிகழ்ச்சி மீது புகார் போனபோது, அது பொழுதுபோக்கே தவிர முறையான ஆய்வு இல்லை என்று 2005இல் அந்நாட்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பே சொல்லிவிட்டது. மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் லட்ச ரூபாய் என்று இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் ஜெயிக்கவில்லை.

எனக்கு அதைவிட மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த நிகழ்ச்சியில் நம் சிப்பாய்களை 'ரத்தவெறி பிடித்த ஆவிகள்' என்றார்கள். நெற்றியில் குறி இடாதே, தாடியை மழி, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்ற ஆங்கிலேயரின் உத்தரவுகளை எதிர்த்து 1806 ஜூலை 10 விடியுமுன் எழுந்தவர்கள் அவர்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையைப் பிடித்ததும் அகப்பட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர்களும் உண்டு. கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு தரப்பிலும் செத்தவர்கள் தாயும் பிள்ளையும் உள்ள மனிதர்கள். அவர்கள் சாவை வைத்து விளம்பர இடைவேளைக்கு இடைவேளை காசு பார்ப்பதை எப்படிப் பொறுப்பது? இத்தனைக்கும் இந்த உத்தரவுகளில் ஒன்றைக்கூட அந்த நிகழ்ச்சி சொல்லவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளே வந்து, "சார், கோட்டைக்குள்ள நிஜமாவே பேய் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சியைக் கேபிளில் ஒளிபரப்பக் கூடாது என்று 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6ஆம் விதி சொல்கிறது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க அதிகாரம் பெற்ற அலுவலர்களில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர். கோட்டையோ 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னம். அங்கே படம் பிடிக்க அந்தத் துறையின் அனுமதி வேண்டும்.

ஆகவே, அந்த நிகழ்ச்சியை மறுஒளிபரப்பு செய்யாமல் தடுத்து, தொலைக்காட்சி நிறுவனத்திடம் விளக்கம் கேட்க வேண்டுகிறோம். பேய் நிகழ்ச்சிகளுக்குக் கோட்டையில் இடம் தரக் கூடாது என்று தொல்லியல் துறைக்கும் எழுத வேண்டும். கட்டண உலாவை நிறுத்தி, எங்கள் தெருவுக்குச் சில வாரங்களாவது இரவு ரோந்து போடச் சொல்லுங்கள். முடிந்தால், 1806இல் நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலில் கோட்டையிலேயே நடத்திக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். சம்பளம் வேண்டாம், நானே வந்து சொல்லித் தருகிறேன்.

வருகிற அமாவாசை இரவுக்கு உலா என்று விளம்பரம் வந்துவிட்டது. அதற்குள் உத்தரவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: வீட்டு முகப்பின் புகைப்படம், நிகழ்ச்சியின் பதிவு, உலா விளம்பர நகல், தெருவாசிகளின் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சலவன்பேட்டை தெருவாசிகள்