விரித்துக் காட்டுங்கள்: தரைவிரிப்புக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரைவிரிப்புக் கடை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். அண்மையில் விரிப்பு வாங்கி அவதிப்பட்ட கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற கடைக்காரர்கள் 'நல்லவேளை, நாம் இல்லை' என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். உங்கள் கடைகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். விரிப்புகளைச் சுருட்டி, பாலிதீன் உறை போட்டு, வரிசையாக நிறுத்தி வைத்திருப்பீர்கள். ஒரு மூலையை மட்டும் பிரித்து, தடவிப் பார்க்கச் சொல்வீர்கள். "முழுசா விரிச்சுக் காட்டுங்க" என்றால், "மறுபடி இதே மாதிரி சுருட்ட முடியாது மேடம், எல்லாம் பெட்ரூம் சைஸ்தான்" என்று பதில் வரும். உறையின் மேலும் அதே 'பெட்ரூம் சைஸ்' தான். நீளம் இல்லை, அகலம் இல்லை.

யாருடைய பெட்ரூம் ஐயா அது?

எங்களுடையது 10-க்கு 11 அடி. அதில் 5 அடி அகலம், ஆறரை அடி நீளத்தில் பாக்ஸ் கட்டில். தலைமாட்டை 10 அடிச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது இரண்டரை அடிதான். நீங்கள் கொடுத்த உறைக்குள் இருந்து வந்தது 3-க்கு 5. கால் வைத்த கட்டிலாக இருந்தால் அந்த அரை அடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். பாக்ஸ் கட்டில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். எங்கே தள்ளுவது? ஓரம் சுவரில் ஏறி மடங்கி நின்றது. கால்மாட்டில் போட்டுப் பார்த்தோம், அறைக் கதவு திறக்கவில்லை. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி, விரிப்பின் இழையோ இரண்டு விரல் உயரம்.

அது என் மாமியாரின் அறை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இரவில் ஜில்லென்ற டைல்ஸில் கால் வைக்கவேண்டாமே என்றுதான் விரிப்பு வாங்கப் போனோம், அறையை அழகுபடுத்த அல்ல. அவர் எழுந்திருப்பதற்கு ஒரு முறை உண்டு. கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வருவார், இரண்டு காலையும் ஊன்றுவார், கைகளை மெத்தையில் அழுத்திக்கொண்டு மெதுவாக நிமிர்வார். உடம்பின் கனமெல்லாம் காலுக்கு இறங்குகிற நேரத்தில் விரிப்பு முன்னால் ஓடியது. அடிப்பக்கம் வெறும் துணி, தரையோ வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ். ஓடாமல் என்ன செய்யும்? ஜன்னல் கம்பி கைக்கு எட்டியதால் பிடித்துக்கொண்டு மெத்தையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது காலுக்கு இதமா இருக்கவா, காலை வாரிவிடவா?" என்று கேட்டார்.

மறுநாள் எடுத்துக்கொண்டு வந்தோம். "பிரிச்ச பொருளைத் திரும்ப எடுக்கிறதில்லை" என்றார்கள். பிரித்தால்தானே அளவு தெரியும் என்றேன். பில்லைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். சரி, பில்லின் பின்பக்கத்தில் அத்தனை வரி அச்சடிக்க முடிகிற உங்களால், உறையின் முன்பக்கத்தில் இரண்டே இரண்டு எண்களை அச்சடிக்க முடியாதா?

இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அளவு முக்கியமான பொருளென்றால் பொட்டலத்தின் மேல் அதன் நீள அகலம் இருந்தாக வேண்டும். தரைவிரிப்பில் அளவைவிட வேறு என்ன முக்கியம்?

உங்கள் விற்பனையாளர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "சுவர் என்ன கலர் மேடம்?" கட்டிலுக்குக் கால் உண்டா, பாக்ஸா என்று கேட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். கால் வைத்த கட்டில் என்றால் 5-க்கு 8 விரிப்பைக் குறுக்கே போட்டு, தலைமாட்டில் இருந்து ஒரு 3 அடி விட்டு அடியில் செலுத்தலாம். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி, கால்மாட்டில் ஒன்றரை அடி வெளியே தெரியும். கட்டிலின் கனமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், நகராது. பாக்ஸ் கட்டிலுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 2-க்கு 6 ரன்னர், அதாவது ஒடுங்கிய நீள விரிப்பு, போதும். பக்கவாட்டில் இழுப்பறை இருந்தால் இழை குட்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இழுப்பறை திறக்கும்போதெல்லாம் சிக்கும். எதுவானாலும் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று, மேலே உள்ளதைவிட ஓரங்களில் ஓர் அங்குலம் குறைவாக வெட்டிப் போடவேண்டும். தினமும் விரிப்பு விற்கிற உங்களுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். கேட்டால்தான் சொல்வீர்கள், கேட்க எங்களுக்குத் தெரியாது.

அடுத்து, 'சில்க் ஃபினிஷ்' என்று மின்ன மின்னக் காட்டுகிறீர்களே, அதில் பல விஸ்கோஸ் என்ற செயற்கைப் பட்டு. தண்ணீர் பட்டால் இழை வலுவிழந்து, காய்ந்தபின் மஞ்சள் திட்டாக நிற்கும். தினமும் ஈர மாப் போடுகிற வீட்டுக்கு, ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணியே காயாத ஊரில், அதைத் தள்ளிவிடுவது என்ன நியாயம்? உங்கள் கேட்டலாக்கில் இருக்கும் படுக்கையறைகள் கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கின்றன. அங்கே பீரோ இல்லை, இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிமூட்டை இல்லை, பரண் நிறைந்து இறங்கி வந்த மிக்ஸி அட்டைப்பெட்டி இல்லை. அப்படியொரு அறையைக் கட்டித் தரும் பில்டரையும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர் எண்ணையும் கொடுங்கள். எங்கள் பில்டர் இந்த 10-க்கு 11-ஐத்தான் 'மாஸ்டர் பெட்ரூம்' என்று விற்றார்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் ஏன் உங்கள் ஷோரூம்களில் கண்ணில் படுவதே இல்லை? தட்டையான நெசவு, கதவுக்கு அடியில் சிக்காது. பருத்தியில் எடுத்தால் உதறி, அலசி, மொட்டை மாடியில் காயப்போடலாம். அதுவும் டைல்ஸில் நகரத்தான் செய்யும், அடியில் ரப்பர் விரிப்பு அதற்கும் வேண்டும். ஆனால் ஜமக்காளம் விற்பவர் யாரும் "விரிச்சுக் காட்ட மாட்டேன்" என்று என்னிடம் சொன்னதில்லை. ஒரே உதறலில் கடை வாசல் வரை விரித்துப் போடுவார்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம். கடையின் ஒரு மூலையில் ஒரு பாக்ஸ் கட்டிலும் ஒரு கால் கட்டிலும் போட்டு வையுங்கள். வாங்க வருகிறவர் கேட்டால் அதன் பக்கத்தில் விரிப்பை முழுதாக விரித்துக் காட்டுங்கள். உறையின் மேல் நீளம், அகலம், இழையின் உயரம், என்ன நூல் என்பதை அச்சடியுங்கள், சென்டிமீட்டரிலும் அடியிலும். அடிப்பக்கம் வழுக்குமா வழுக்காதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் செய்தபிறகு 'பிரித்த பொருளை எடுப்பதில்லை' என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

மாமியார் அறைக்கு இரண்டு ரன்னர் இன்னும் வாங்கவேண்டியிருக்கிறது. அளவு நாடாவோடு வருவேன். தயவுசெய்து விரித்துக் காட்டச் சொல்லி உங்கள் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி