ட்யூபில் இருக்கும்போதும் சர்க்கரை குறையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சர்க்கரை நோய்க் கட்டுரையில், செல்கள் குளுக்கோஸை உடைத்துச் சக்தி எடுக்கும் விதத்தை எளிமையாகச் சொல்லியிருந்தீர்கள். ஓரிடத்தில் மட்டும் இடறியது. எல்லாச் செல்களுமே தமக்குள் இருக்கும் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில்தான் இந்த வேலையை முடிப்பதாக எழுதியிருந்தது. முதிர்ந்த ரத்தச் சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. முப்பது வருடம் ரத்தத்தோடு மாரடித்தவன் என்பதால் பேசாமல் விட மனம் வரவில்லை.

மற்ற செல்கள் ஆக்சிஜன் உதவியோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 30, 32 ஏடிபி (செல் செலவழிக்கும் சக்தி நாணயம்) வரை எடுத்துவிடும். சிவப்பணுவோ குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸோடு நிறுத்திக்கொள்கிறது. கையில் மிஞ்சுவது 2 ஏடிபிதான். மிச்சம் லாக்டேட்டாக வெளியே போய்விடும். நாள் முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து திரிகிறது, தன் அடுப்புக்கு மட்டும் அதில் ஒரு துளி எடுப்பதில்லை!

இதனால் நோயாளிக்கு என்ன? ஊசியால் எடுத்து ட்யூபில் விட்ட பிறகும் அந்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். வெயில் ஏறினால் இன்னும் வேகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு முகாமில் காலையில் எடுத்த ரத்தத்தைச் சாதாரண ட்யூபிலேயே வைத்திருந்து, மதியத்துக்கு மேல்தான் மெஷினில் போட்டோம். வெறும் வயிற்றில் சர்க்கரை நோய்க்கான வரம்பான 126-ஐத் தாண்டியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் ‘நார்மல்’ என்று வீட்டுக்குப் போனார்களோ, இன்றைக்கும் உறுத்துகிறது.

சாம்பல் நிற மூடி ட்யூபில் சோடியம் ஃப்ளோரைடு இருப்பது இதற்காகத்தான். அது ஈனோலேஸ் என்ற நொதியை முடக்கும். ஆனால் ஈனோலேஸின் முறை வருவது கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளில் ஒன்பதாவதாக. முந்தைய படிகள் கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஃப்ளோரைடை மட்டும் நம்ப முடியாது. ஐஸில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரமே மெஷினில் சுழற்றி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை அணுக்களிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

இப்போது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். சரி, வசதிதான். பையில் ஐஸ் இருக்கிறதா, அடுத்து எத்தனை வீடு என்று கேட்பதில் தப்பில்லை. போன வாரம் நானும் கேட்டேன். “ஐஸ் இல்ல சார், இன்னும் ஒன்பது வீடு இருக்கு” என்றார் அந்தத் தம்பி.

- ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், திண்டுக்கல்