கட்டி எங்கிருந்து முளைத்தது என்று தேடிச் சொல்லுங்கள்: திசு ஆய்வுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அண்ணனின் ஃபைல் உங்களிடம்தான் இருக்கிறது, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. இடது தொடையில், தசைக்கு அடியில் 9 சென்டிமீட்டர் கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்து 11 வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: கதிர் வடிவச் செல்கள் (நடுவில் பருத்து இரு முனையும் கூரானவை), வகை உறுதியாகவில்லை, மேல்சோதனை தேவை. அந்த மேல்சோதனையை யார், எங்கே செய்வது என்று அதில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கவுண்டரில், "நீங்களே கோலாலம்பூருக்குக் கொண்டு போங்க" என்று அண்ணனின் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அழிரப்பர் அளவுதான் இருக்கும். நடுவில் வெளுத்த நூல் போல ஒரு துண்டு, அதுதான் அண்ணனின் சதை. மெழுகு உருகிவிடுமோ என்று பயந்து, கைக்குட்டையில் சுற்றி, காலி பிஸ்கட் டின்னில் போட்டு, எங்கள் செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் விடியற்காலை பஸ் ஏறினேன். வெயில் படாத பக்கம் பார்த்து உட்கார்ந்து, வழி முழுக்க டின்னை மடியிலேயே வைத்திருந்தேன். அங்கே போனால், பாரத்தில் டாக்டர் கையெழுத்து ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேர இரவு 9 மணி. அண்ணன் வாசலில் ஒற்றைக் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாங்க?" என்றார். கையெழுத்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கட்டி எந்த வகைச் செல்லின் அடையாளத்தோடு வளர்ந்திருக்கிறது என்று தேடிச் சொல்லுங்கள்.

இது வெறும் பெயர் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. தசை, கொழுப்பு, நரம்பு போன்ற மென்திசுக்களில் வரும் கட்டிகள் விஷயத்தில் பெயர் எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வகைப் புற்றுக்கட்டிக்கு சைனோவியல் சார்கோமா என்று மூட்டுச் சவ்வின் பெயரை வைத்தார்கள். அது அந்தச் சவ்விலிருந்து வருவதில்லை. செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில், எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதுதான் அதன் அடையாளம். வயிறு, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டியை வெகுகாலம் குடல் தசைக் கட்டி என்றே நினைத்தார்கள். வழக்கமான கீமோ மருந்துக்கு அது மசியவில்லை. 1998இல் ஜப்பானில் ஹிரோத்தா குழுவினர் அந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு கெட்டிருப்பதைக் கண்டார்கள். குடலின் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களோடு அதற்குள்ள உறவும் தெரிந்தது. அப்புறம் நான்கே வருடத்தில், 2002இல், இந்த ஜிஸ்ட் கட்டிக்கு இமாடினிப் மாத்திரை கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேர் தெரிந்ததும் மருந்தும் கிடைத்தது.

எல்லாக் கட்டிக்கும் மூலச் செல் இதுதான் என்று அறுதியிட முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடி வைத்துச் சாயமேற்றிப் பார்க்கலாமே? டெஸ்மின் என்ற புரதத்தில் சாயம் பிடித்தால் தசைப் பக்கம், எஸ்-100 என்ற புரதத்தில் பிடித்தால் நரம்புப் பக்கம் என்று ஒரு வழியாவது தெரியும். அதிலும் பிடிபடாவிட்டால் மரபணுச் சோதனை இருக்கிறது. இவற்றையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "தெரியவில்லை" என்று எழுதினால் ஏற்றுக்கொள்வோம். பார்க்காமலே எழுதியதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அண்ணன் 22 வருடமாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். குலை விழுந்து அடிபட்ட வீக்கம் என்றே முதலில் நினைத்தோம். தைலம் போட்டு உருவிவிட்டோம். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல், ஆழத்தில், வளர்ந்துகொண்டே போகிற கட்டியை வலி இல்லாவிட்டாலும் உடனே நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் யாரும் சொன்னதில்லை. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்) தான், சரி. ஆனால் அவரிடம் போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறது, கூட வருகிறவருக்கும் போகிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இந்த லயத்து வீடுகளில் இப்படித்தான் ஒவ்வொரு வியாதியும் முற்றிய பிறகு வெளியே தெரிகிறது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆனது. கோபம் வராமல் எப்படி இருக்கும்?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்படுகிறேன். அங்கே இரவு பகலாக உழைப்பவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. மாதிரியை ஆய்வுக்கூடத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நீங்களே அனுப்பும் வழியைச் செய்யுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு அலைவது நோயாளியின் தங்கை வேலையாக இருக்கக் கூடாது. சாயச் சோதனையையும் மரபணுச் சோதனையையும் செய்து, இந்தக் கட்டி எந்த வகைச் செல்லைச் சேர்ந்தது என்று எழுத்தில் தாருங்கள். அதைப் பார்த்துத்தான் மருந்தா, கதிர்வீச்சா, கத்தியா என்று முடிவு செய்ய முடியும் என்கிறார் அண்ணனின் டாக்டர்.

பிஸ்கட் டின் இப்போது எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. விட்டுப்போன கையெழுத்தை யாரிடம் வாங்க வேண்டும், டின்னை எந்த நாளில் யார் கையில் கொடுக்க வேண்டும் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். விடியற்காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து ஊரிலிருந்து ஒரு தங்கை