ஞாயிறு: மானிட்டர் ஸ்பீக்கர் மாட்டும் வேலை

நண்பர்களே, தஞ்சாவூர் ஒலிக்கூடத்தில் ஞாயிறு காலை 10 மணிக்கு அட்மாஸ் (சுற்றிலும் மேலிருந்தும் ஒலி கேட்கும் முறை) ஸ்பீக்கர்களை மாட்டுகிறோம். அமைப்பு 7.1.4: காது மட்டத்தில் 7, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், தலைக்கு மேலே 4. முன் இடது, வலது இரண்டும், கேட்பவர் இருக்கையிலிருந்து பார்த்தால், நடுவிலிருந்து 30 டிகிரியில் நிற்க வேண்டும். தூரம் கொஞ்சம் முன்பின் இருந்தால் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்து விடுவது) போட்டுச் சரிக்கட்டலாம். வெறும் சுவரின் எதிரொலியை எந்த டிலேயும் தீர்க்காது. அதனால் முதலில் ஒலி உறிஞ்சும் பலகை, அப்புறம்தான் ஸ்பீக்கர். இதில் அவசரம் வேண்டாம்.

கூரைக் கொக்கிகளைக் கொத்தனார் பார்த்துச் சொன்ன பிறகே மேலே ஏற்றுவோம். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை விட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலி அளவையும் சமன் செய்ததும், நம் திருவையாறு நாகஸ்வரப் பதிவைப் போட்டுக் கேட்போம். தவிலின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அடி தனியாகக் குமுறினால், சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரைத் தொட வேண்டியிருக்கும்.

ஏணி, அளக்கும் டேப் இருப்பவர்கள் கொண்டுவரவும். சாப்பாடு இங்கேயே. வருகிறவர்கள் சனி மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.